கணக்குதாரர் லைனில் இருக்கிறார்

தையல் பட்டறையில் அவளுக்குப் பேரக்கா என்று பேர். பேரம் பேச உட்கார்ந்தால் கல்லிலும் நார் உரிப்பாள். காய்க்கடைக்காரர் அவள் தலை தெரிந்ததுமே விலையைக் கூட்டி வைத்துக்கொள்வார், எப்படியும் பாதிக்கு வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும். செருப்புக் கடைக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க சும்மாவே போட்டுட்டுப் போயிடுங்கக்கா, என்னால முடியல" என்றாராம். இதை அவளே பட்டறையில் நடித்துக் காட்டிச் சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்த மனுஷிதான். புருஷன் போன பிறகு சிரிப்பு குறைந்து பேரம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடம் ஒன்று விடாமல் ஏறி இறங்கியவன், ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். "ஒரு ஊசி போட்டுட்டு வந்துடறேன்" என்று தானே செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போன ஆள். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தபோது பேரக்கா அவனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் விட்டுப்போனது இரண்டு அறை வாடகை வீடு, ஒரு பெண் குழந்தை, அப்புறம் கம்பெனிக் கனெக்‌ஷன். மூன்றாவதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இன்டர்நெட், ஃபோன், டிவி மூன்றும் ஒரே பில்லில் வரும் பழைய திட்டம் அது. கம்பெனி அதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. ஏற்கெனவே எடுத்தவர்களிடம் மட்டும் இருக்கும், புதிதாக யார் போய் நின்றாலும் கிடையாது. கனெக்‌ஷன் பேரை மாற்றினால் திட்டமும் மாறும், பில் இரண்டு மடங்காகும்.

எதிர்வீட்டு டியூஷன் டீச்சர்தான் யோசனை சொன்னவள். "அவர் போயிட்டார்னு மட்டும் கம்பெனிகிட்ட வாயைத் திறந்துடாதே. ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லவா போறாங்க? குரலைத்தானே கேப்பாங்க. உன் கொழுந்தன் குரல் அச்சு அசலா அவர் குரல்தானே!"

உண்மைதான். கொழுந்தன் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்ப்பவன், சாது. முகத்தில் அண்ணன் சாயல் மருந்துக்குக்கூடக் கிடையாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பேசுவது அண்ணன்தான். அண்ணி கேட்டால் மறுக்கத் தெரியாது. கம்பெனியிலிருந்து ஒப்புதல் கேட்கும்போதெல்லாம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஃபோனை வாங்கி, "ஆமா, நான்தான் பேசறேன்" என்பான். சொல்லி முடித்ததும் ஏதோ கசந்ததைத் தின்றவன் மாதிரி தண்ணீர் குடிப்பான்.

இன்னொரு ஏற்பாடும் செய்தாள். இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. அவள் பெண்ணுக்கு வாலு என்று செல்லப்பேர், அப்போது சின்னக் குழந்தை. சாவு நடந்த அன்றைக்கு டீச்சர் வீட்டில் விட்டிருந்தார்கள். எப்படிச் சொல்வது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேரக்கா தள்ளிப்போட்டாள். அதற்குள் கம்பெனி விஷயம் வந்தது. குழந்தை ஃபோனை எடுத்து எதையாவது உளறிவிட்டால் குட்டு உடைந்துவிடுமே! "யார் கேட்டாலும் அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கார்னு சொல்லணும், சரியா?" என்று சொல்லிவைத்தாள். வாலு சரி என்றது. அப்புறம் உண்மையைச் சொல்ல நேரமே வரவில்லை. தள்ளிப்போட்டதற்கு என்றைக்கு நேரம் வந்திருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பேரக்கா கம்பெனியைப் பிழிந்தெடுத்தாள். வேறு கம்பெனிக்கு மாறப்போகிறேன் என்பாள். உடனே வாடிக்கையாளரைப் போகவிடாமல் பிடித்துவைக்கவே உட்கார்ந்திருக்கும் பிரிவுக்கு லைன் போகும். அங்கே ஒரு பெண், பேச்சில் தேன் ஒழுகும். விலையைச் சொன்னதும் பேரக்கா பேசாமல் இருப்பாள். எதிர்முனை தானாக இறங்கி வரும். வேகத்தைக் குறைத்து, விளையாட்டுச் சேனலை வெட்டி, வாடகை ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து, எவ்வளவோ குறைத்துவிட்டாள். லேண்ட்லைனை மட்டும் தொட முடியவில்லை. அதை எடுத்தால் பில் குறையாது, கூடும். மூன்றையும் சேர்த்து எடுத்தால்தான் சலுகையாம். இது எந்த ஊர் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆகவே யாரும் தொடாத அந்த ஃபோன் ஜன்னலோரம் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

இந்த வருஷம் சலுகைக் காலம் முடிந்து பில் எகிறியது. பட்டறையிலும் வேலை குறைவு. பேரக்கா தேன்குரல் பெண்ணிடம் முதல்முறையாகப் பேரத்தை மறந்து அழுதேவிட்டாள். "என்னால தனியா சமாளிக்க முடியலம்மா. இந்த வீட்டுல இருந்து எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க, பில் குறைஞ்சா போதும்."

"பார்க்கறோம் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

இரண்டு வாரம் கழித்துப் பேரக்கா மறுபடி கூப்பிட்டாள். இடையில் வீட்டில் ஒரு சாவு. புருஷனுடைய பெரியப்பா, பக்கத்துத் தெருவில் தனியாக ஓர் அறையில் இருந்தவர், போன திங்கட்கிழமை மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வயசு ஆனவர், காதும் கேட்காது. யாரையும் படுத்தாமல் போனாரே என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். செல்ஃபோனைக் காதோடு ஒட்டிப் பிடித்தபடி இறந்திருந்தார். காது கேட்காதவருக்கு ஃபோனில் என்ன வேலை என்று கொழுந்தன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தான். வாலுவின் செல்ஃபோன் நம்பரைப் போலவே அவருடைய நம்பரும் இந்த வீட்டுக் குடும்பத் திட்டத்தில்தான் இருந்தது. அதை வெட்டினால் கொஞ்சம் மிச்சமாகுமே என்றுதான் பேரக்கா கூப்பிட்டாள்.

"அந்த நம்பரைப் போன திங்கக்கிழமையே புது வீட்டுக்கு மாத்தியாச்சே மேடம்" என்றது தேன்குரல்.

"எந்தப் புது வீடு?"

"சார் சொன்ன அட்ரஸ்தான். சாரே கூப்பிட்டுப் பேசினார். உங்களுக்குச் சிரமமா இருக்காம், ஒவ்வொண்ணா அங்க மாத்திக்கறேன், இங்க பில் குறையட்டும்னார். இந்த மாசத்துல இருந்தே நல்லாக் குறையும் மேடம். சேனலும் மாத்தினார். சீரியல் சேனல் எல்லாம் எடுத்துட்டு மீன்பிடிக்கிற சேனலை மட்டும் வெச்சுக்கிட்டார்."

பேரக்காவின் புருஷன் மீன்பிடிக்கிற சேனல் பைத்தியம். ஒரு மீனைக்கூட வாழ்நாளில் பிடித்ததில்லை, ஆனால் எவனோ ஒருவன் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதை மணிக்கணக்கில் பார்ப்பான்.

ரொட்டிக் கடைக்கு ஓடினாள். "தம்பி, எனக்குத் தெரியாம கம்பெனிக்கு ஃபோன் பண்ணினியா?"

"ஐயோ அண்ணி, நீங்க கூப்பிட்டு நீட்டினாலே எனக்குக் குலை நடுங்கும். நானா பண்ணுவேன்?"

அவன் முகத்தைப் பார்த்தால் பொய் இல்லை. அங்கேயே அவள் விட்டுவிடாமல் தோண்டியிருக்க வேண்டும். ஆனால் புது பில் வந்தது, உண்மையிலேயே பாதி! ஆசை யாரை விட்டது? கம்பெனியில் எவனோ குளறுபடி பண்ணிவிட்டான், நமக்கு லாபம்தானே என்று வாயை மூடிக்கொண்டாள். தூக்கம் மட்டும் வரவில்லை.

பிறகு லைன்மேன் வந்தார். படுக்கையறையில் இருக்கும் இரண்டாவது டிவி பாக்ஸை எடுத்துப் போகச் சொல்லிக் கம்பெனி அனுப்பியிருந்தது. பட்டப்பகல், மதியம். பேரக்கா பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். லைன்மேன் வெள்ளந்தி மனுஷர், வேலை செய்துகொண்டே வாய் ஓயாமல் பேசுகிறவர்.

"உங்க புது வீட்டுக்கும் நான்தாங்க லைன் இழுத்தேன்" என்றார் ஒயரைச் சுற்றியபடி. "நல்ல பெரிய வீடு. ஆனா ஒண்ணு, தப்பா நினைக்காதீங்க, வாசல்ல ஒரு செருப்புகூட இல்லை. உள்ள அப்படி ஒரு ஜில்லுப்பு. ஏசியும் கிடையாது. போனது நல்லா ஞாபகம் இருக்கு, ஊரைத் தாண்டி ஒரே நேர் ரோடு. திரும்பி எப்படி வந்தேன்னு கேட்டீங்கன்னா சத்தியமாத் தெரியல. வண்டியை நிறுத்திப் பார்க்கறேன், எங்க ஆபீஸ் வாசல்ல இருக்கேன்."

"அங்க யாரைப் பார்த்தீங்க?" தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்குத்தான் பேரக்காவால் கேட்க முடிந்தது.

"சாரை நேர்ல பார்க்கலைங்க. உள் ரூம்ல இருந்தபடியே பேசினார். தங்கமான மனுஷர். ரெண்டு மூணு தடவை கூப்பிட்டுச் சொன்னார், பொண்ணு ரூமுக்கு சிக்னல் நல்லா வரணும், அது விளையாடற ரூம்னு. அப்புறம் கூடத்துல ஒரு பெரியவர் நாற்காலியில உட்கார்ந்திருந்தார். காது மிஷினைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, நான் ஆணி அடிக்கறதையே பார்த்துட்டிருந்தார். காது கேக்காதவர்னு நினைச்சு சத்தமா வணக்கம் சொன்னேன். நல்லா கேக்குது, மெதுவாப் பேசுப்பா அப்படிங்கறார்!"

லைன்மேன் பாக்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

திங்கட்கிழமை நம்பர் மாறியது. திங்கட்கிழமை பெரியப்பா போனார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வாலு உள்ளே வந்தது. அம்மா வீட்டில் இருப்பதை எதிர்பார்க்கவில்லை போல, நிலைப்படியிலேயே நின்று விழித்தது. அதே நேரம் ஜன்னலோரத்து லேண்ட்லைன் அடித்தது. வருஷக்கணக்காக அடிக்காத ஃபோன். குழந்தை தினமும் செய்கிற வேலையைப் போல நேரே போய் எடுத்தது. பேரக்கா அப்போதுதான் பார்த்தாள், ரிசீவரின் மேல் துளித் தூசி இல்லை.

"ம்... சாப்பிட்டேன்... இல்ல, இன்னிக்கு அம்மா இருக்கா... ம், சரி."

ஒரே பாய்ச்சலில் போய் ரிசீவரைப் பிடுங்கினாள். எதிர்முனையில் பேச்சில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது, டிவியில் யாரோ தூண்டில் போடுகிற சத்தம். பிறகு மெதுவாக வைத்துவிட்டார்கள்.

"யாருடி அது?"

"அப்பாதான்மா. தினம் நான் ஸ்கூல் விட்டு வந்ததும் பேசுவாரே. உங்கிட்ட சொல்ல வேண்டாம், திடீர்னு சந்தோஷப்படுத்தலாம்னார்." குழந்தையின் முகம் பூரித்திருந்தது. "நாளைக்குக் காலையில என் நம்பரை அப்பா வீட்டுக்கு மாத்திடுவாங்களாம். நானும் போயிடுவேன். நான் அங்க போயிட்டா உனக்கு பில் இன்னும் குறையுமாம். நீ அழ வேண்டாமாம்மா."

சொல்லிவிட்டுக் கட்டிலடியிலிருந்து ஒரு பையை இழுத்துக் காட்டியது. உள்ளே இரண்டு கவுன், வண்ணப் பென்சில், பல் துலக்கும் பிரஷ். எல்லாம் அழகாக மடித்து வைத்திருந்தது.

பேரக்கா குழந்தையின் செல்ஃபோனைப் பிடுங்கி, அணைத்து, சிம்மைக் கழற்றி, பல்லால் கடித்து இரண்டாக்கினாள். குழந்தை பயந்துபோய் அழுதது. அடுத்த நிமிஷம் அணைந்து கிடந்த செல்ஃபோன் தானாக ஒளிர்ந்து, நாளை காலை உங்கள் இணைப்பு புதிய முகவரிக்கு மாற்றப்படும் என்று செய்தி காட்டியது.

கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பினாள். மாவு ஒட்டிய கையோடு, என்னவோ ஏதோ என்று கையில் ஒரு ரொட்டியுடனே ஓடிவந்தான். குழந்தையை உள் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பேரக்கா லேண்ட்லைனிலிருந்தே கம்பெனியைக் கூப்பிட்டாள்.

"என் பொண்ணு நம்பரை மாத்தாதீங்க. ரத்து பண்ணுங்க. எல்லாத்தையும் ரத்து பண்ணுங்க."

"கணக்குதாரர் ஒப்புதல் இல்லாம முடியாதே மேடம். கோரிக்கை அவர் குடுத்தது."

"முழுப் பில்லும் கட்டறேன்மா. புதுத் திட்டமே குடுங்க. ரெண்டு மடங்கு கேட்டாலும் கட்டறேன், மூணு மடங்கு கேட்டாலும் கட்டறேன். என் பேருக்கு மாத்திடுங்க." பேரக்காவின் வாயிலிருந்து விலை மேலே ஏறியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"அதுக்கும் சார்தான் சம்மதிக்கணும் மேடம்."

"அவர் இல்லம்மா. அவர்..." இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவள் வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. போயிட்டார் என்பாள், இல்லாமப் போயிட்டார் என்பாள். "அவர் இப்ப இல்லை."

"மேடம், இதுவரைக்கும் எத்தனையோ தடவை நாங்க அவர்கிட்ட பேசியிருக்கோம். ஆமா, நான்தான் பேசறேன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கார். எல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்கு." தேன்குரலில் எரிச்சல் இல்லை, சலிப்பும் இல்லை. "ஒண்ணு பண்ணலாம். சாரையே லைன்ல எடுக்கறேன். மூணு பேருமாப் பேசி முடிச்சிடலாம்."

பேரக்கா சட்டென்று கொழுந்தன் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கி முழுசாக அவன் வாயில் திணித்தாள். இனி வரும் குரல் அவனுடையதாக இருக்க வழியே இல்லை என்று தனக்குத் தெரிய வேண்டும். அவன் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றான். வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"கணக்குதாரர் லைனில் இருக்கிறார்" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா, நான்தான் பேசறேன்."

கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பேரக்கா நின்றாள். பயம் இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் பயத்துக்கு முன்னால் வேறொன்று பொங்கி வந்தது. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு!

"நல்லா இருக்கீங்களா?" என்றாள். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டாள்.

"இருக்கேன். நீ எப்படி இருக்கே? பில் குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது. போதும்ங்க. வாலு நம்பரை மட்டும் விட்டுடுங்க."

"நீதானே எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க, குறைஞ்சா போதும்னு அழுதே? கம்பெனிகிட்ட நீ பேசறது எல்லாம் எனக்கு இங்க கேக்குது. தனியாக் கஷ்டப்படறேன்னு தெரிஞ்சுதான் ஒவ்வொண்ணா இழுத்துக்கறேன். பெரியப்பாவை முதல்ல கூப்பிட்டுக்கிட்டேன். வந்ததுல இருந்து அவருக்குக் காது நல்லாக் கேக்குது."

"குழந்தை வேண்டாம்ங்க. அது இங்கயே இருக்கட்டும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"என் பொண்ணை நான் பார்க்கக் கூடாதா?" கோபமாகக் கேட்கவில்லை, ஏக்கமாகத்தான் கேட்டான். அதுதான் அவளை உலுக்கியது. "தினம் ஃபோன்ல பேசினாப் போதுமா? ரூம் எல்லாம் தயார் பண்ணிட்டேன்."

"என் நம்பரை மாத்திக்குங்க. அவளை விட்டுடுங்க."

"நீ வந்துட்டா அவ அங்க தனியா என்ன பண்ணுவா?" கொஞ்சம் யோசித்தான். சிரித்தான்கூட. "ரெண்டு பேருமே வந்துடுங்களேன். பில்லே வராது."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், பேரக்காவுக்குக் கண் சொருகியது. வாடகை கிடையாது, பட்டறை கிடையாது, தையல் மெஷினில் குனிந்து குனிந்து வந்த கழுத்துவலி கிடையாது. மூன்று பேரும் ஒரு வீட்டில். தேன்குரல் பெண், "இந்தச் சலுகை இன்னிக்கு மட்டும்தான் மேடம்" என்று மெதுவாகச் சொன்னாள். உள் அறையில் குழந்தை மூக்கை உறிஞ்சியது கேட்டது.

பேரக்கா கண்ணைத் திறந்தாள்.

"நீங்க செத்துட்டீங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே செத்துட்டீங்க. உங்களை நான்தான் வழியனுப்பினேன். உங்க தம்பிதான் உங்களை மாதிரிப் பேசினான், நான் பேசவெச்சேன். பில்லுக்காக."

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. டிவியை யாரோ அணைத்துவிட்டார்கள்.

"அப்படியா?" என்றான். பிறகு, "யாருமே எங்கிட்ட சொல்லலையே" என்றான்.

பேரக்காவுக்கு அழுகை பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊசி போட்டப்புறமா?"

"ம். சாயங்காலம்."

"வேற சைட்டுக்கு மாத்திட்டாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். நடுநடுவுல சந்தேகம் வரும். அப்ப எல்லாம் நான்தான் பேசறேன்னு என் குரல் எங்கயோ கேக்கும். சரி, இருக்கேன் போலன்னு விட்டுடுவேன்." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அல்லது அதைப் போன்ற ஒன்று. "பெரியப்பா வந்த அன்னிக்கு என்னைப் பார்த்துட்டு ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் சொல்லாமலே தலையைத் தடவிட்டுப் போயிட்டார். இதானா விஷயம்."

தரையில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் வாயில் ரொட்டியோடு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"வாலு நாளைக்கு வர்றேன்னு ஆசையா இருக்காளே. அவகிட்ட என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன்."

"எல்லாத்தையும் சொல்லிடு" என்றான். "எனக்குப் பண்ணின மாதிரி அவளுக்கும் பண்ணிடாதே."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"சார்" என்று குறுக்கிட்டாள் தேன்குரல் பெண். "பாப்பா நம்பர் மாற்றத்தை ரத்து பண்ணிடலாமா?"

"பண்ணிடுங்க."

"கணக்கை மேடம் பேருக்கு மாத்த உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்."

"கணக்குதாரர் காலமாயிட்டார்னு பதிவு பண்ணிக்கலாமா சார்?"

பேரக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிடு என்று அவள் மனதில் ஒரு பாதி கத்தியது. குழந்தை இருக்கும் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பண்ணிக்குங்க" என்றான். குரல் உடைந்திருந்தது. லைன் அறுந்தது.

அந்தப் பெண் புதுத் திட்டத்தின் விலையைப் படித்தாள். பழையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. பேரக்கா சரி என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்று வைத்தாள்.

உள் அறைக் கதவைத் திறந்தாள். வாலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. பேரக்கா பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சலிலிருந்து ஆரம்பித்தாள். ஊசி போடப் போனது, சாயங்காலம் ஃபோன் வந்தது, டீச்சர் வீட்டில் விட்டது, வெளியூர் என்று பொய் சொன்னது, ஏன் சொன்னது, எதையும் விடாமல் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு குழந்தை கேட்டது. "அப்ப தினம் எங்கிட்ட பேசினது?"

"அப்பாதான்."

"அப்பாவுக்குத் தெரியுமா, செத்துட்டார்னு?"

"இப்பத்தாம்மா சொன்னேன்."

குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்தது.

"அழுதாரா?"

"ம்" என்றாள் பேரக்கா. "அழுதார்."

அதற்கப்புறம்தான் குழந்தை அழுதது.